காசிமேட்டு மீனும் ராயபுரம் ஸ்டேஷனும்: என் யூகேஜி வகுப்பு

பிள்ளைகளுக்கு அளவும் நிறமும் புரிய, நான் கையில் எடுப்பது மீன்தான். நெத்திலி, மத்தி, சங்கரா மூன்றும் வாங்கி ஐஸில் வையுங்கள். முதுகு முள்ளைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, தட்டில் பரப்பி, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லுங்கள். சங்கராவை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் செதில் சொரசொரக்கும், எதிர்ப்பக்கம் வழுக்கும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், டீச்சர் முந்தக்கூடாது. பிறகு சோப்பு போட்டுக் கைகழுவல்.

குடும்பத்தோடு சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவதென்றால் ஞாயிறு காலை வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் மீனைப் பார்ப்பதா, பிள்ளையைப் பிடிப்பதா?

ஞாயிறுக்கு 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறது. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் அடுத்த நிறுத்தம். டிக்கெட்டைப் பிள்ளையே கேட்டு வாங்கட்டும். அப்பாக்கள் பேசாமல் நிற்கவும். இறங்கியதும் முகப்புத் தூண்களைத் தொட்டுத்தொட்டு எண்ணச் சொல்லுங்கள்.