கியோமிசு-தேராவை விடிகாலையில் பார்ப்பது எப்படி?

ஜப்பானில் கியோட்டோ நகரின் கியோமிசு-தேரா கோயில் ஆண்டு முழுவதும் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. பத்து மணிக்குப் போனால், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடிதான் ஏற வேண்டும். விசா, விமான டிக்கெட் பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நேராகக் காலைக்கு வருவோம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். கதவு திறக்கும்போதே போய் நிற்கலாம். டிசம்பர் கடைசியில் சூரியன் வர ஏழாகிவிடும். இருட்டில் நடுங்குவானேன், ஆறே முக்காலுக்குப் போனால் போதும்.

அந்த நேரத்தில் பேருந்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். கெய்ஹான் ரயிலில் கியோமிசு-கோஜோ நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் ஏறக்குறைய 25 நிமிடம்; கடைசிப் பகுதி ஏற்றம். கோஜோசாகா ஏற்றத்தில் வலப்பக்கம் பிரிகிற சவன்சாகா தெருதான் என் தேர்வு. பீங்கான் கடைகள் நிறைந்த, கூட்டம் குறைந்த வழி.

நியோமோன் என்ற சிவப்பு வாயிலையும் மூன்றடுக்குக் கோபுரத்தையும் சீட்டு இல்லாமலே பார்க்கலாம். உள்ளே போக 500 யென், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியம். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் பிரதான மண்டபத்தின் மர மேடையில் நின்று படம் எடுக்கத் தொடங்குவார்கள். ஆனால் நீங்கள் அஞ்சலட்டைகளில் பார்த்த அந்த மேடை, மேடையில் நின்றால் தெரியாது! கும்பிட்டுவிட்டு நிற்காமல் நடந்து, எதிரே இருக்கும் ஒகுனோயின் மண்டபத்துக்குப் போங்கள். அங்கிருந்து பார்த்தால் மேடை முழுதாகத் தெரியும், பின்னால் ஊரும் தெரியும். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருவதால் படமும் நன்றாக விழும். சாயங்காலம் போனால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். மலை மறைப்பதால் சூரியன் உதித்த பிறகும் வெயில் எட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரமாகும். பொறுத்திருங்கள். இதற்குப் பெரிய கேமரா வேண்டியதில்லை, கைபேசி போதும்.

அப்புறம் படியிறங்கி மேடையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். 13 மீட்டர் உயரம், 1633இல் மறுபடி கட்டியது. தூண்களில் துளையிட்டுக் குறுக்குச் சட்டங்களைச் செருகியிருக்கிறார்கள், ஆணி அடிக்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தின் முனை ஒவ்வொன்றுக்கும் மழை படாமல் குட்டிக் கூரை மாதிரி ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு மேடையைவிட இதுதான் பிடித்தது.

பக்கத்திலேயே ஒட்டோவா அருவி, மூன்று தாரையாக விழும். பகலில் நீண்ட வரிசை நிற்கும் இடம் இது. நீண்ட பிடி போட்ட அகப்பையில் ஒரு தாரையில் பிடித்துக் குடியுங்கள். மூன்றிலும் குடித்தால் பேராசை என்பார்கள்.

திரும்பும்போது சன்னென்சாகா, நினென்சாகா படிகள் வழியாக இறங்கினால் யசாகா கோபுரம் வரை தெரு உங்களுக்குத்தான். வீடுகளும் இருக்கிற தெருக்கள், சத்தம் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோயில் வளாகத்திலுள்ள சுய்குதோ மண்டபத்தின் கும்மிருட்டுச் சுரங்க வழி ஆறு மணிக்குத் திறக்காது. அது வேண்டுமென்றால் ஒன்பதுக்கு மேல் போங்கள். சாப்பாடு? மேலே கடை எதுவும் திறந்திருக்காது. ஏறுவதற்கு முன்பே ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ஒனிகிரி (சோற்று உருண்டை) வாங்கிவிடுங்கள். சைவக்காரர்கள் ஊமெபோஷி (உப்பிலிட்ட புளிப்புப் பழம்) வைத்ததைக் கேளுங்கள், ஆனால் உறைக்குப் பின்னால் எழுதியிருப்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் மீன் சாறு சேர்த்திருப்பார்கள்.