முழங்கால் மாற்றியபின் "பறவாயில்லை" என்று சொல்லாதீர்கள்

இங்கிலாந்தில் புதிதாகக் குடியேறி, மூட்டுத் தேய்வுக்காகப் பெற்றோரின் முழங்காலை மாற்றவிருப்பவர்கள், குடும்ப வைத்தியரிடம் பதிவதையும் அவர் எழுதும் கடிதத்தையும் நீண்ட காத்திருப்பையும் எப்படியோ கடந்துவிடுவீர்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இங்கே மருந்துச்சீட்டுக் கட்டணமும் இல்லை. நாங்கள் அகப்பட்டது வேறோர் இடத்தில்.

சத்திரசிகிச்சைக்கு மறுநாள் தாதி வந்து, வலியைப் பூச்சியத்திலிருந்து 10 வரையான எண்ணில் சொல்லும்படி கேட்டார். பிள்ளைப்பேற்று நோவையே வாய்விட்டுச் சொல்லாத அம்மா, "பறவாயில்லை, தாங்கலாம்" என்றார்; நான் அதை 3 என்று மொழிபெயர்த்தேன். படுத்திருந்தவருக்கு அது பொய்யுமல்ல, ஏனெனில் மூட்டைச் சுற்றிப் போட்ட மரப்பு ஊசியின் வேகம் அப்போது முற்றாகத் தணிந்திருக்கவில்லை. அந்த 3ஐ நம்பி, வலுவான குளிசைகளைச் சில நாளுக்கு மட்டும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மா காலை மடிக்கவே மறுத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தபடி கிடந்தார். அது இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுதாக நீளாமற் போய்விடும். தலையணையைக் குதிக்காலுக்குக் கீழேதான் வைக்க வேண்டும். ஆறாம் வாரம் 90 பாகையாவது மடியுமென்று எதிர்பார்த்த முழங்கால் 60 பாகையில் நின்றது. மறுபடியும் மயக்கமருந்து கொடுத்துத்தான் மடித்துவிட்டார்கள்.

ஆகவே எண்ணை இரண்டாகச் சொல்லுங்கள்: படுத்திருக்கையில் எவ்வளவு, மடிக்கையில் எவ்வளவு என்று. நீங்களே மொழிபெயர்க்காமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. குளிசையை நோ ஏறியபின் தேடாமல், குறித்த நேரத்தில், பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னதாகவே கொடுங்கள். கோகோடமோல் என்ற நோக் குளிசைக்குள் கோடீனோடு பரசிற்றமோலும் இருப்பதால், அதோடு பரசிற்றமோலைத் தனியாகவும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கோடீன் மலச்சிக்கலைத் தரும். அம்மா அதைச் சொல்ல வெட்கப்பட்டு, குளிசைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். ஐஸைத் துவாயில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் நல்லெண்ணெய் தடவி உருவச் சொல்பவர்களிடம், காயத்தில் இன்னும் தையல் இருக்கிறதென்று சொல்லி வைத்துவிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தால் உடனே மருத்துவ ஆலோசனை எண்ணான 111ஐயும், மூச்சு முட்டினால் அவசர எண்ணான 999ஐயும் அழையுங்கள்.

மற்றக் காலுக்கும் இப்போது நாள் குறித்தாயிற்று. எண் கேட்டால் என்ன சொல்வீர்களென்று அம்மாவைக் கேட்டேன். "கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவன்" என்றார். மொழிபெயர்ப்பாளருக்கு நான் அன்றே சொல்லி வைத்துவிட்டேன்.