வயதான நாயின் மூட்டுவலி: வீட்டில் செய்ய வேண்டியவை

பத்து வயதைத் தாண்டிய லாப்ரடார் ஒன்று காலையில் எழுந்திருக்கத் தடுமாறினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலுள்ளவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தத் தடுமாற்றத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மூட்டுவலி இருக்கிறது. தேய்ந்துபோன குருத்தெலும்பை மீண்டும் வளர்க்க முடியாது என்றாலும், வலியைப் பெருமளவு குறைத்து, எஞ்சிய ஆண்டுகளில் அந்த நாய் தானாக எழுந்து நடமாடும்படி செய்ய முடியும். அதற்கு முதலில் வலியை வலி என்று அடையாளம் காண வேண்டும்.

நாய் தன் மூட்டுவலியைக் கத்திக் காட்டுவது அரிது. காரில் தாவி ஏறிக்கொண்டிருந்தது, இப்போது முன்கால்களை மட்டும் தூக்கி வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். மாடிப்படியின் அடியில் நின்று தயங்கும். படுத்தெழுந்தவுடன் சில அடிகள் விறைப்பாக நடந்து பிறகு சரியாகிவிடும். ஒரே மூட்டை ஓயாமல் நக்கிக்கொண்டிருக்கும். பின்தொடைச் சதை வற்றிச் சிறுத்துப்போகும். இடுப்பைத் தடவினால் விலகுவதும், அதுவரை சாதுவாக இருந்த நாய் குழந்தைகள் அருகில் வந்தால் உறுமுவதும்கூட வலியால் நேரலாம். மார்கழிக் காலைகளில் விறைப்பு கூடுவதைப் பல வீடுகளில் காணலாம்.

இவற்றில் எது தென்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நொண்டும் நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா தொற்று மூட்டுகளை வீங்கவைத்து நாயை நொண்டச் செய்யக்கூடும். முழங்காலின் தசைநார் அறுந்திருக்கலாம். பெரிய இன நாய்களில் எலும்புப் புற்றுநோயும் இப்படி ஒரு நொண்டலாகவே தொடங்கலாம். மருத்துவமனையின் பரபரப்பில் நாய் வலியை மறந்து நன்றாக நடந்து காட்டிவிடும் என்பதால், வீட்டில் அது எழும்போதும் படியேறும்போதும் கைப்பேசியில் எடுத்த காணொளியை உடன் கொண்டு செல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் நாய் படும் வலியும் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆகவே அந்தக் காணொளி மருத்துவருக்கு மெய்யாகவே உதவும்.

நோய் இன்னதென்று உறுதியான பின், மருந்துக்கு இணையாகக் கவனிக்க வேண்டியது உடல் எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து இறுதிவரை கண்காணித்த ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. தம் இணை நாய்களைவிடக் கால் பங்கு குறைவாக உண்டு வளர்ந்தவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் அவற்றுக்குத் தள்ளிப்போனது. ஏற்கெனவே பருத்துவிட்ட நாய்க்கும் காலம் கடந்துவிடவில்லை. மூட்டுவாதமுள்ள பருத்த நாய்களின் எடை 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தபோதே நொண்டல் குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். 36 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் எடை கூடுவது பெரும்பாலும் நாயின் தட்டால் அல்ல, ஆளுக்கொரு கையால். தாத்தா காபியோடு நீட்டும் பிஸ்கட், பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை, இரவில் மீந்த தயிர்சாதம் ஆகிய அனைத்தும் அன்பினால் தரப்படுபவை என்பதால் அவற்றை நிறுத்துவது எளிதன்று. அன்றைய முழு உணவையும் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டு, யார் எதைக் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசியோடு பார்க்கும் நாய்க்கு உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், கேரட், பூசணி கொடுக்கலாம். வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது. அழுத்தாமல் தடவும்போதே விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டு, மேலிருந்து பார்க்கையில் இடுப்பு உள்வாங்கித் தெரிந்தால் எடை சரியாக இருக்கிறது.

அடுத்தது தரை. டைல்ஸ், கிரானைட் தரைகள் கழுவ வசதியானவை. ஆனால் மூட்டுவலியுள்ள நாய் அவற்றில் பின்கால்கள் பக்கவாட்டில் வழுக்கிவிடாமல் இருக்க ஒவ்வோர் அடிக்கும் உடலை இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் வாசல் வரைக்கும் அடிப்பக்கம் ரப்பர் உள்ள மிதியடிகளை இடைவெளியின்றி வரிசையாகப் போடுங்கள். நடக்கும்போது டைல்ஸில் நகம் தட்டும் ஒலி கேட்டால் நகத்தை வெட்டும் நேரம் வந்துவிட்டது. பாத மெத்தைகளுக்கிடையில் வளர்ந்த முடியையும் கத்தரித்துவிடுங்கள். உடல் அமுங்கித் தரையில் இடிக்காத அளவுக்குக் கனமான மெத்தை தேவை. கோடையில் குளிர்ந்த தரையைத் தேடி அது மெத்தையை விட்டு எழுந்து போகாதபடி, மெத்தையை மின்விசிறிக்கு நேர் கீழே போடுங்கள். படியேற வேறு வழியில்லை என்றால், ஒரு நீளத் துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இருபுறமும் பிடித்துப் பின்பாரத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

நடையை நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் தசை வற்றினால் மூட்டின் சுமை இன்னும் கூடும். ஒரே நீண்ட நடையைவிட, சமதரையில் பத்துப் பதினைந்து நிமிடங்களாக நாளுக்கு இரண்டு மூன்று முறை நடத்துவது நல்லது. பந்தை எறிந்து ஓடவிடுவதும், கால் புதையும் கடற்கரை மணலில் நெடுநேரம் நடத்துவதும் வேண்டாம். மறுநாள் விறைப்பு கூடியிருந்தால் முதல் நாள் நடை அதிகம் என்று பொருள்.

மருந்து விஷயத்தில் மிகுந்த கண்டிப்பு தேவை. மனிதர்களுக்காக வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நாயின் உயிரையே பறிக்கக்கூடும். ஐபுப்ரோஃபென் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது. பாறுக் கழுகுகளைக் காப்பதற்காகவே அத்தடை வந்தது என்றாலும், நாயின் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும் மருந்து அது. நாய்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மெலாக்சிகாமில்கூட, 10 கிலோ நாய்க்கு வழக்கமான நாளளவு 1 மில்லிகிராம் மட்டுமே. மனிதர்களுக்கான மாத்திரையோ பெரும்பாலும் 7.5 அல்லது 15 மில்லிகிராமாக இருக்கும்.

மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபைரோகாக்சிப் ஆகிய வலி மருந்துகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். தொடங்கும் முன்னும், தொடரும் காலத்தில் அவர் சொல்லும் இடைவெளியிலும் சிறுநீரகம், கல்லீரல் தொடர்பான இரத்தப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். மருந்தை உணவோடு கொடுங்கள். தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். வேறொரு நோய்க்காக நாய் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டையும் இந்த வலி மருந்துகளையும் சேர்த்துத் தரக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, உணவை மறுத்தல், தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். நாய்களின் மூட்டுவலிக்கான பெடின்வெட்மாப் என்ற மாதாந்திர ஊசி ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி பெற்றது. அந்நாடுகளில் வாழும் தமிழர்கள் அதைப் பற்றிக் கேட்கும்போது, அதன் பக்கவிளைவுகள் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் விடுத்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

தைலம் தேய்ப்பது நமக்குக் கைவந்த வைத்தியம் என்றாலும் நாய்க்கு அது ஆகாது. கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்த அத்தைலங்களை நாய் நக்கி விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக, சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றி, நம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூட்டைச் சோதித்துவிட்டு, விறைத்த மூட்டில் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் இந்த ஒத்தடம் வேண்டாம். துணைச் சத்துகளில் மீன் எண்ணெயின் ஒமேகா 3 கொழுப்புக்குச் சான்று உண்டு, ஆனால் அதுவும் கொழுப்புதான் என்பதால் அளவை மருத்துவரே சொல்லட்டும். குளுக்கோசமைனுக்கு உள்ள சான்று வலுவற்றது. கையில் பணம் குறைவாக இருந்தால் அதை இரத்தப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எழும் வேகம், படியேறுதல், நடந்த நேரம், பசி ஆகியவற்றை நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு வரியில் குறித்து வாருங்கள். மருந்தைக் கூட்டுவதா மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுக்க அக்குறிப்பு போதுமான ஆதாரமாகும். மூட்டுத் தேய்மானம் மெல்லக் கூடும் நோய். நேற்றுவரை நடந்த நாய் இன்று பின்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ, எழவே முடியாமல் கிடந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாமல் தவித்தாலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம்; மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.