பாலைத் திரியவைத்துப் புரதம் படிப்போம்

அமினோ அமிலங்கள் மொத்தம் இருபது, பெயரெல்லாம் மனப்பாடம் செய் என்றுதான் புரதப் பாடம் பெரும்பாலும் தொடங்குகிறது. கிளைசின், அலனின், வேலின் என்று ஏழெட்டுப் பெயர் வருவதற்குள் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புரதம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிட்டால், பெயர்கள் தாமாகவே மனதில் நிற்கும். அதற்கு அடுப்படியே போதும்.

காய்ச்சாத பாக்கெட் பால் 200 மி.லி., வெள்ளை வினிகர், ஆப்ப சோடா, ஒரு முட்டை, ஒரு பெரிய துண்டு இஞ்சி, வடிகட்ட மெல்லிய துணி. இவ்வளவுதான். இஞ்சிக்காகத் தனியாக இன்னும் இரண்டு டம்ளர் பால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பால் மட்டும் கட்டாயம் காய்ச்சாததாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் அட்டைப்பெட்டிப் பாலும் ஆகாது. காரணம் இரண்டாவது படியில் தெரியும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டதுதான் புரதம். அமினோ அமிலத்தின் நடுவில் ஒரு கார்பன் இருக்கிறது. அதன் ஒரு கையில் அமினோ தொகுதி, இன்னொரு கையில் கார்பாக்சில் தொகுதி, மூன்றாவதில் ஹைட்ரஜன். நான்காவது கையில் இருப்பதுதான் ஒவ்வொன்றுக்கும் மாறும். அதற்குப் பக்கச்சங்கிலி என்று பெயர். கிளைசினில் அதுவும் வெறும் ஹைட்ரஜன். குளுட்டாமிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம் இவற்றின் பக்கச்சங்கிலி பாலுக்குள் எதிர்மின்சுமையோடு இருக்கும். லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்சுமையோடு இருக்கும். இப்போதைக்கு இந்த நான்கு பெயர் போதும்.

படி 1: திரியவைத்தல்

பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 40 டிகிரிக்குச் சூடாக்கி இறக்குங்கள். வினிகரை ஒவ்வொரு டீஸ்பூனாக விட்டு மெதுவாகக் கலக்குங்கள். முதல் ஸ்பூனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று என்று போகும்போது கரண்டியின் முதுகில் ரவை மாதிரி துகள் ஒட்டும். நான்காவது வாக்கில் வெள்ளைக் கட்டிகள் ஒருபக்கம் ஒதுங்க, இளம் பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் பிரிந்து நிற்கும். தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கட்டியாக ஒதுங்கியது கேசீன் (கொழுப்பும் அதோடு சேர்ந்திருக்கும்). பசும்பாலில் இருக்கும் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் இதுதான். நல்ல பாலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடுதல்) சுமார் 6.7. அந்த நிலையில் கேசீனில் எதிர்மின்சுமை மிகுந்திருக்கும், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். வினிகர் விடும்போது அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்த அமிலப் பக்கச்சங்கிலிகளில் போய் உட்கார்ந்து எதிர்மின்சுமையைக் குறைக்கின்றன. பிஎச் 4.6க்கு வரும்போது நேரும் எதிரும் சரிசமம். இதுதான் கேசீனின் சமமின்புள்ளி. தள்ளிவிட விசை இல்லாததால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூத்திரமாகப் படித்தால் நழுவிப்போகும் இந்தச் சொல், கரண்டியில் ஒட்டிய துகளைப் பார்த்தபின் மறக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே கேசீனை நொதியால் (வேதிமாற்றத்தை விரைவாக்கும் புரதத்தால்) செரிக்கவைத்துத்தான் 1901ல் ஹாப்கின்ஸ், கோல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

படி 2: தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவிடுதல்

துணியில் வடித்து, கட்டியைத் தனியே வையுங்கள். தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அடுப்பில் ஏற்றுங்கள். சூடு ஏற ஏறத் தண்ணீர் கலங்கி, மெல்லிய வெள்ளைத் துகள்கள் மிதக்கத் தொடங்கும்.

வினிகருக்கு அசையாமல் தண்ணீரிலேயே தங்கிவிட்ட மீதிப் புரதங்கள் இவை. பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்பா லாக்டால்புமின் இரண்டும்தான் இதில் முக்கியமானவை. லூசின், வேலின் போன்ற தண்ணீரை விரும்பாத பக்கச்சங்கிலிகளை உள்ளே வைத்து, பந்து மாதிரி மடிந்திருக்கும் புரதங்கள். வெப்பம் அந்த மடிப்பைக் குலைக்கிறது. உள்ளே இருந்தவை வெளியே வந்து, பக்கத்தில் இருப்பவற்றோடு ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு இயல்பிழத்தல் என்று பெயர். முன்பே காய்ச்சிய பாலில் இது நடந்து முடிந்து, இந்தப் புரதங்கள் கேசீனோடு ஒட்டியிருக்கும். திரியவைக்கும்போது அதோடு சேர்ந்தே வந்துவிடும். அப்புறம் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் பார்க்க அதிகம் இருக்காது. பன்னீருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சிவிட்டுத் திரியவைத்தால் கூடுதலாகக் கிடைப்பது இதனால்தான்.

சரி, முட்டை வெந்தால் கெட்டியாகிறது, பால் கொதித்தும் ஏன் ஓடுகிறது? கேசீனுக்குக் குலைய இறுக்கமான மடிப்பே இல்லை. பீட்டா கேசீனின் 209 அமினோ அமிலங்களில் 35 புரோலின். புரோலினின் பக்கச்சங்கிலி வளைந்துவந்து தன் அமினோ தொகுதியையே பிடித்துக்கொள்ளும். அது இருக்கும் இடத்தில் சங்கிலி ஒழுங்காக மடியாது.

படி 3: திரும்பி வருவதும் வராததும்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. கேசீன் கட்டியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, கால் டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்துக் கரண்டியால் மசியுங்கள். மிச்ச வினிகர் இருந்தால் கொஞ்சம் நுரைக்கும். பிறகு கட்டிகள் கரைந்து பசை மாதிரி வழவழப்பாகும். சோடா காரம், ஹைட்ரஜன் அயனிகளை அது எடுத்துக்கொண்டதும் எதிர்மின்சுமை மீண்டு, கேசீன் மறுபடி விலகி நிற்கிறது. தாளில் தடவிப் பாருங்கள், நிஜமாகவே ஒட்டும்.

அடுத்து முட்டையின் வெள்ளைக்கரு ஒரு ஸ்பூனைக் கொதிநீரில் விட்டு வெள்ளையாக்கி, அதையும் சோடாத் தண்ணீரில் அதே மாதிரி மசியுங்கள். எவ்வளவு மசித்தாலும் பழைய தெளிவு வராது. கேசீன் இழந்தது மின்சுமையை மட்டும். வெள்ளைக்கரு இழந்தது வடிவத்தை.

படி 4: இஞ்சி

இஞ்சியைத் துருவிப் பிழிந்து, சாற்றில் பாதியைத் தனியாக நன்றாகக் கொதிக்கவையுங்கள். இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் பச்சைச் சாறு, மற்றதில் கொதித்த சாறு, ஒவ்வொரு மேசைக்கரண்டி. இரண்டு டம்ளர் பாலை 65 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் ஊற்றி, அசைக்காமல் விடுங்கள். சில நிமிடங்களில் பச்சைச் சாறு இருக்கும் கிண்ணம் இளந்தயிர் மாதிரி உறையும். சீனாவின் குவாங்டொங் பகுதியில் இதையே சர்க்கரை சேர்த்து இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். கொதித்த சாறு ஊற்றிய பால் பாலாகவே இருக்கும்.

இங்கே அமிலத்துக்கு வேலை இல்லை. ஒரு அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியேற்றிச் சேர்வதுதான் பெப்டைடு பிணைப்பு. இஞ்சியில் இருக்கும் நொதி அந்தப் பிணைப்பையே வெட்டுகிறது. கேசீன் திரள்களின் மேல் முடி மாதிரி நீட்டிக்கொண்டு, அவற்றை விலக்கி வைத்திருந்த பகுதி அறுபட, திரள்கள் சேர்ந்து உறைகின்றன. நொதியும் ஒரு புரதம்தான். கொதித்தால் வெள்ளைக்கருவைப் போல அதுவும் வடிவம் இழக்கும். இஞ்சி டீ போடும்போது இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அப்புறம் பால் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான்.