கிலாவேயாவின் எரிமலைவாயில் லாவாவைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

ஹவாயின் கிலாவேயா எரிமலையில் ஹலேமாஉமாஉ என்னும் எரிமலைவாய்க்குள் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய சீற்றம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த ஒன்றன்று. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும் லாவாப் பீறிடல்களும், அவற்றுக்கிடையே நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீளும் ஓய்வுகளுமாக அது மாறிமாறி நிகழ்ந்தது. ஆகவே பயணத் தேதியை முடிவு செய்யுமுன் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஹவாய் எரிமலை ஆய்வு நிலையம் வெளியிடும் தரைச்சாய்வு வரைபடத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஓய்வுக் காலத்தில் அடியில் பாறைக்குழம்பு சேரச்சேர மலையுச்சி மெல்ல உப்பும், கோடும் உயரும். பீறிடல் தொடங்கியதும் அது செங்குத்தாகச் சரியும். முந்தைய சரிவு தொடங்கிய உயரத்தைக் கோடு மீண்டும் நெருங்கினால், அடுத்த பீறிடலும் நெருங்குகிறது என்று கொள்ளலாம். துல்லியமான நேரத்தை அது சொல்லாது என்பதால், கையில் இரண்டு மூன்று இரவுகளாவது இருப்பது நல்லது.

இந்த எரிமலை அமைந்திருக்கும் தேசியப் பூங்கா இரவிலும் திறந்திருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று எரிமலை உமிழும் கந்தக டை ஆக்சைடு வாயுவைத் தென்மேற்கே கொண்டுபோவதால், பொதுவாக வடக்கு, கிழக்கு விளிம்புகளில் உள்ள பார்வையிடங்களே மூச்சுக்கு நல்லவை. காற்று திசை மாறித் தொண்டை கரகரத்தால் படத்தை மறந்துவிட்டு வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். தூசுக்காக அணியும் முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைய காற்றுத்தர அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2018இல் சரிந்து உருமாறிய இந்த வாயின் விளிம்பு இன்னும் உறுதியற்றது என்பதால், தடுப்பைத் தாண்டி ஒரு காலடிகூட வைக்க வேண்டாம். ட்ரோனுக்கும் இங்கே அனுமதியில்லை.

லாவா ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் என்பதால் 200 முதல் 400 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸும், காற்றில் அசையாத முக்காலியும் தேவை. ஒளிப்பதிவு அளவை, அதாவது படத்தில் எவ்வளவு ஒளி பதிய வேண்டும் என்பதை, கேமராவின் முடிவுக்கு விடாதீர்கள்: சுற்றியுள்ள இருளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அது லாவாவை வெளுக்கச் செய்துவிடும். லாவாவின் நிறம்தான் அதன் வெப்பநிலை. சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் மஞ்சள் கலந்த ஆரஞ்சாகத் தெரிவது, ஆறஆறச் செம்மையாகிப் பின் கருக்கிறது. அந்தப் படிநிலைகளை இழந்த படம், எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும், என் கணக்கில் தோற்ற படமே. இரவுப் பீறிடலுக்கு எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, நொடியில் 500இல் ஒரு பங்கு என்று தொடங்கி, கேமரா காட்டும் ஒளிப்பரவல் வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) சிவப்பு நிறத்துக்கான பகுதி வலது ஓரத்தில் முட்டாதபடி ஒளியளவைக் குறைத்துக்கொள்ளலாம். நிறங்களின் சாயலைத் தீர்மானிக்கும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிறுத்தி, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகச் சேமியுங்கள்.

சூரியன் மறைந்தபின் வரும் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் மிக அரியவை. பாறைச் சுவரும் லாவாவும் ஒரே ஒளிப்பதிவில் அடங்குவது அப்போதுதான். அதற்கு அரைமணி நேரம் முன்பே கேமராவைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பீறிடல் சில வேளைகளில் 300 மீட்டரைத் தாண்டி எழும் என்பதால் கண் அதிலேயே நிற்கும். ஆனால் தரையில் ஓடும் லாவாதான் நுணுக்கமானது. அதன் மேற்பரப்பு நொடிகளில் கருந்தோலாக இறுகி, வளைந்து நெளிந்த விரிசல்களில் மட்டும் ஒளிரும். தோலின் ஒரு துண்டு நிமிர்ந்து மூழ்கும்போது அவ்விடத்தில் புதுக்குழம்பு பளீரென எழும். வழவழப்பாக மடியும் ஓட்டம் பாஹோஎஹோஎ, சரளையாக உடைந்து நகர்வது ஆஆ. இந்த ஹவாய்ச் சொற்களையே உலகெங்கும் நிலவியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

பீறிடலின்போது, ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வமான பெலே தேவியின் பெயரால் 'பெலேயின் கூந்தல்' எனப்படும் மெல்லிய கண்ணாடி இழைகள் காற்றில் மிதந்து வந்து விழும். லென்ஸின் மேல் படிந்தால் துணியால் துடைக்காமல், கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் குமிழால் ஊதி அகற்ற வேண்டும். வண்டியின் முன்கண்ணாடியிலும் வைப்பரைப் போடாமல், முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.