கைசர் காலத்து வெள்ளிக் காசு: வாங்குவதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்

கைசர்கள் (பேரரசர்கள்) ஆண்ட ஜெர்மன் பேரரசின் (1871–1918) வெள்ளிக் காசுகளைச் சேர்க்க ஆரம்பித்து ஐந்து வருடமாகிறது. பெர்லினின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொண்டதை, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன். விளிம்பைப் பற்றிய நான்காம் படியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 1: எதிலிருந்து தொடங்குவது

ஒரு கணக்கு மனதில் நின்றால் போதும். மார்க் என்பது அன்றைய ஜெர்மன் பணம்; ஒரு மார்க் என்றால் 5 கிராம் சுத்த வெள்ளி. 2 மார்க்கில் 10 கிராம், 3 மார்க்கில் 15, 5 மார்க்கில் 25. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. அன்றைய வெள்ளி விலையைப் பார்த்தால், கடைக்காரர் சொல்லும் விலையில் உலோகத்துக்கு எவ்வளவு, பழமைக்கு எவ்வளவு என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், முதல் காசு, பேரரசுக்குள் இருந்த பிரஷ்யா என்ற நாட்டின் 3 மார்க்காக இருக்கட்டும். 1908 முதல் 1912 வரை அடித்தது, யேகர் எண் (ஜெர்மன் காசுப் பட்டியல் நூலின் எண்) 103. ஏராளமாகக் கிடைக்கிறது, கைக்கும் கனமாக இருக்கிறது. அதுவரை மூன்று மார்க்காகப் புழங்கிய பழைய 'தாலர்' (Thaler) வெள்ளிக் காசுகளை 1907-இல் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த இடத்துக்கு வந்தவைதான் இந்த 3 மார்க்குகள்.

படி 2: எந்த ராஜா?

2, 3, 5 மார்க் காசுகளின் பின்பக்கத்தில் கிட்டத்தட்ட எப்போதும் பேரரசின் கழுகுதான். முன்பக்கம் பேரரசுக்குள் இருந்த அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். பிரஷ்யா, பவேரியா, சாக்சனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் மூன்றும் மன்னரில்லாத நகரங்கள் என்பதால் அவற்றில் நகரச் சின்னம் இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். இரண்டாம் வில்ஹெல்ம் என்ற பெயரில் ஒரே காலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். முறுக்கு மீசை மட்டும் இருந்தால் அவர் கைசர், பிரஷ்ய மன்னர். தாடியும் இருந்தால் வூர்ட்டம்பெர்க் மன்னர். தலைக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தையும் பாருங்கள். அது காசு அடித்த நாணயச் சாலையின் குறி. 'ஏ' (A) என்றால் பெர்லின், 'டி' (D) என்றால் மியூனிக், 'எஃப்' (F) என்றால் ஸ்டுட்கார்ட். கைசருக்கு 'ஏ', வூர்ட்டம்பெர்க்காருக்கு 'எஃப்'.

பவேரியாவின் ஓட்டோ காசுகளை எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும். மனநோயால் ஒரு நாள்கூட ஆளாத மன்னர் அவர். 27 ஆண்டுகள் காசில் மட்டும் அரசராக இருந்தார்.

படி 3: எடை

0.01 கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்குங்கள். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. 5 மார்க் 27.78 கிராம், 3 மார்க் 16.67, 2 மார்க் 11.11, 1 மார்க் 5.56. தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும்.

சந்தேகம் இருந்தால் தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். 5 மார்க்குக்கு 2.7 கிராம் அளவில் காட்ட வேண்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வரும். தேய்ந்த காசானாலும் இந்த விகிதம் மாறாது.

படி 4: விளிம்பு

நான் ஏமாந்தது இங்கேதான். சந்தையில் ஒரு பவேரிய 5 மார்க் வாங்கினேன். தலையும் கழுகும் பளிச்சென்று இருந்தன. எடை சரி, தண்ணீர்ச் சோதனையும் சரி. ஒரு வாரம் கழித்துத்தான் விளிம்பை லென்ஸில் பார்த்தேன். 5 மார்க், 3 மார்க் காசுகளின் விளிம்பில் 'கோட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்ற சொற்கள் இடையிடையே கொடிவேலைப்பாட்டோடு ஓடும். என் காசில், மன்னரின் உச்சந்தலைக்கு நேர் மேலே, அரிசி நீளத்துக்கு அந்த வேலைப்பாடு மழுங்கி வழவழவென்று இருந்தது. பக்கத்திலேயே மெல்லிய கீறல்கள், அரத்தால் ராவியது போல.

விஷயம் இதுதான். நம் ஊரில் சவரனுக்கு வளையம் வைத்துக் காசுமாலை கோப்பது போல, பவேரியாவில் இந்தக் காசுகளை ஆண்கள் தோல் கால்சட்டை மேல் அணியும் 'ஷாரிவாரி' சங்கிலியில் தொங்கவிடுவார்கள். பதக்கமாகவும் செய்தார்கள். பின்னால் வளையத்தைப் பிய்த்து, பற்றவைத்த இடத்தை ராவி, காசை விற்றுவிடுகிறார்கள். வெள்ளி அசல்தான், ஆனால் சேகரிப்பாளர் தரும் விலை பெரும்பகுதி போய்விடும்.

ஆகவே காசைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தலைக்கு மேலே வரும் இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். அதற்கு மேல் போனால் எல்லாக் காசும் பழுதாகத்தான் தெரியும். 2 மார்க், 1 மார்க் காசுகளில் எழுத்து கிடையாது, வரிகள்தான். அங்கே வரி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பைச் சுற்றி நடுவே மெல்லிய இணைப்புக் கோடு ஓடினால் அது வார்ப்புப் போலி, வாங்கவே வேண்டாம்.

படி 5: துலக்காதீர்கள்

வெள்ளி விளக்குக்குச் செய்வது போல விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒரு தடவை தேய்த்த காசு பழையபடி ஆகாது. முதல் உலகப் போரின் கடைசிக் காலத்து அரை மார்க் கறுப்பாகவே கிடைத்தால் அப்படியே வையுங்கள். மக்கள் பதுக்கிவிடக் கூடாதென்று கறுப்பாக்கியே வெளியிட்டார்கள். பி.வி.சி உறையும் வேண்டாம், நாளடைவில் காசில் பச்சையாகப் பிசுபிசுக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர், 1917-ஆம் ஆண்டின் சாக்சனி 3 மார்க் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார்கள். மார்ட்டின் லூதரின் கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தம் தொடங்கி 400 ஆண்டு ஆனதற்காக அடித்தது அது. மொத்தமே 100 காசுகள். சந்தை மேசையில் கிடப்பது நகல்தான்.

வளைய வடு உள்ள காசு வேண்டவே வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டார். வெள்ளி விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள். என் பவேரிய 5 மார்க்கை நான் விற்கவில்லை. புதிய காசு வந்தால், முதலில் அந்தப் பவேரியக் காசின் விளிம்பை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் புதியதைக் கையில் எடுப்பேன்.