கோளாறு வெளிவாசலில் இருந்தது

புது ஊரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தினமும் இருபது நிமிடம் தாமதம். சுரங்க ரயில் நேரத்துக்குத்தான் வந்தது, தப்பு என்னுடையது. வரைபடத்தில் இரண்டு தடங்கள் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும், அதை நம்பி இறங்கினால் இரண்டு நகரும் படிக்கட்டு, முடிவே இல்லாத ஒரு நடைபாதை, அப்புறம் மறுபடியும் படி. 1933இல் லண்டனில் வெளிவந்த, ஹாரி பெக் வரைந்த சுரங்க ரயில் வரைபடத்தைப் போலவே இதிலும் தூரம் அளவுப்படி இல்லை. நானோ விரல் வைத்து அளந்துகொண்டிருந்தேன்!

ஒரு நிலையம் முன்னாலேயே மாறிப் பார்த்தேன். அங்கே எதிர்ப்புறம் திரும்பினாலே அடுத்த ரயில்.

அதைவிடப் பெரிய கோளாறு வெளிவாசல். கண்ணில் பட்ட வழியில் ஏறி வெளியே வந்தால் பேருந்து நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம், கைப்பேசியில் நீலப்புள்ளி எந்தத் திசை என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குள் பேருந்து போயிருக்கும். இப்போது கிளம்பும் முன்பே வெளிவாசல் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். அந்தப் படிக்கட்டுக்கு நேராக நிற்பது கடைசிப் பெட்டி என்று தெரிந்ததும் ஏறுவதும் அதில்தான்.

பேருந்தைப் பிடித்துவிடுகிறேன். உட்கார இடம்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.